சவானா மெர்சர் வீடு: உள்ளே இருக்கும் பழம்பொருட்கள் உண்மையில் யாருடையவை?

தென்றல்_அட்லாண்டா:

வணக்கம் மக்களே. அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்கு ஒரு வார இறுதி போகத் திட்டம். நான், கணவர், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். மாமியாருக்குப் பழைய மரச்சாமான், பீங்கான் என்றால் போதும், வேறு எதுவும் வேண்டாம். கணவருக்கோ மான்டெரி சதுக்கத்தில் இருக்கும் அந்த மெர்சர் வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும், காரணம் வீட்டுக்காரர் ஜிம் வில்லியம்ஸ் தன்னிடம் வேலை பார்த்த இளைஞரைச் சுட்டுக்கொன்ற 1981 துப்பாக்கிச் சூடு, அப்புறம் அதை வைத்துக் கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்த படம். ஆக இரண்டு பேருக்கும் ஒரே வீடு பொருந்தும் என்று நினைத்தேன்.

ஆனால் தேடிப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்று சொல்கிறது. ஒன்றில் "தளபதி மெர்சர் குடும்பம் வாழ்ந்தபடியே" என்று இருக்கிறது, இன்னொன்றில் எல்லாமே ஏலத்தில் போய்விட்டது, இப்போது இருப்பது சும்மா நிரப்பி வைத்தது என்று. எது சரி? அந்தச் சூடு நடந்த படிப்பறையை உள்ளே விட்டுக் காட்டுகிறார்களா? பழம்பொருள் பார்க்க மட்டும் என்றால் சவானாவில் இதைவிட நல்ல வீடு இருக்கிறதா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்நாரை:

சகோ, நீங்கள் படித்த இரண்டுமே தப்பு. முதலாவது முழுத்தப்பு, இரண்டாவது பாதித்தப்பு.

மெர்சர் குடும்பத்தில் ஒருவர்கூட அந்த வீட்டில் ஒருநாளும் வாழவில்லை. ஹியூ மெர்சர் 1860-ல் கட்ட ஆரம்பித்தார், வரைந்து கொடுத்தவர் ஜான் நோரிஸ் என்ற நியூயார்க் கட்டிடக் கலைஞர், இதே ஊரில் கிரீன்-மெல்ட்ரிம் வீடு, ஆண்ட்ரூ லோ வீடு எல்லாம் அவர் கைவண்ணம்தான். மறு வருடமே உள்நாட்டுப் போர் வந்தது, மெர்சர் தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையில் பிரிகேடியர் ஜெனரலாகப் போனார், வீடு பாதியில் நின்றது. போர் முடிந்ததும் அவர் மேல் ஒரு கொலை வழக்கு வேறு: போர்க்காலத்தில் சில சிப்பாய்களைச் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டார் என்று. 1866-ல் விடுதலையானார். வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டார், ஜான் வைல்டர் என்பவர்தான் 1868 வாக்கில் கட்டி முடித்தார். அந்த வீட்டோடு சம்பந்தப்பட்ட முதல் கொலை வழக்கே 1981 வழக்கு இல்லை பாருங்கள், செங்கல் காய்வதற்குள் ஒன்று வந்துவிட்டது. 'மூன் ரிவர்' பாட்டுக்கு வரிகள் எழுதிய ஜானி மெர்சர் இந்த ஹியூ மெர்சரின் கொள்ளுப்பேரன், அவரும் இங்கே வாழ்ந்ததில்லை. ஆக வாசலில் இருக்கும் பெயரை நம்பி உள்ளே போனால் அந்தப் பெயருக்குரிய ஒரு நாற்காலிகூடக் கிடைக்காது.

இருபதாம் நூற்றாண்டில் கொஞ்ச காலம் ஷ்ரைனர்ஸ் சங்கத்தின் கூடமாக இருந்தது. அப்புறம் ஏறத்தாழ பத்து வருடம் பூட்டிக் கிடந்தது. 1969-ல் ஜிம் வில்லியம்ஸ் 55,000 டாலருக்கு வாங்கினார். இரண்டு வருடம் வேலை பார்த்தார். அவர் பழம்பொருள் வியாபாரி, அதைவிட முக்கியமாகப் பழைய வீடுகளைச் சீர்படுத்துகிறவர். சவானாவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை இடிபடாமல் காப்பாற்றினார் என்பார்கள். இதன் அருமை தெரிய 1950-கள் சவானாவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1954-ல் பழைய சிட்டி மார்க்கெட்டை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள், அடுத்தது 1820-ல் கட்டிய டேவன்போர்ட் வீடு என்ற நிலை வந்தபோதுதான் ஏழு பெண்கள் சேர்ந்து 1955-ல் ஹிஸ்டாரிக் சவானா ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். வில்லியம்ஸ் வீடு வாங்க ஆரம்பித்ததும் அதே வருடத்தில்தான். அவர்கள் சங்கமாகச் செய்ததை இவர் தன் காசில் தனியாகச் செய்தார், லாபமும் பார்த்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உள்ளே இருக்கும் சாமான்கள் வில்லியம்ஸ் சேர்த்தவை. 18, 19-ஆம் நூற்றாண்டு மரச்சாமான்கள், ஓவியங்கள், சீன ஏற்றுமதிப் பீங்கான், பழைய கோட்டோவியங்கள். அவர் 1990 ஜனவரியில் அதே வீட்டில் இறந்தார், வீடு சகோதரிக்குப் போனது. 2000-ல் நியூயார்க்கில் சோத்பிஸ் வழியாக ஒரு பெரிய பகுதி ஏலம் போனது உண்மை. ஆனால் எல்லாம் போகவில்லை. மிச்சமிருந்ததை வைத்து 2004-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தரைத்தளம் மட்டும் காட்டுவார்கள், மேலே குடும்பத்தாருக்கு. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். படிப்பறை தரைத்தளத்தில்தான் இருக்கிறது, சுற்றிக்காட்டும்போது அதுவும் வரும். கொலையைப் பற்றி அவர்களாக நீட்டி முழக்க மாட்டார்கள், கட்டிடம், சாமான் என்றே போகும். கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தென்றல்_அட்லாண்டா:

மிக்க நன்றி கடல்நாரை, இவ்வளவு தெளிவாக எந்தப் பயணப் பக்கத்திலும் இல்லை. அப்படியானால் வீட்டோடு பிறந்தது என்று உள்ளே எதுவுமே இல்லையா? எல்லாம் ஒரு வியாபாரி வாங்கி அடுக்கியதா? மாமியார் முதலில் இதைத்தான் கேட்பார்.

இழைப்புளி:

வீட்டோடு பிறந்ததும் உண்டு, ஆனால் அதைப் பார்க்க நாற்காலியை விட்டுவிட்டுத் தரையையும் கூரையையும் பார்க்க வேண்டும். நுழைந்ததும் நடைக்கூடத்தில் ஓடு பதித்திருக்கும், இங்கிலாந்தின் மின்டன் ஓடு. நம் ஆட்கள் மேலே பூ வரைந்த ஓடு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். வரைந்ததில்லை அது. ஒரு நிறக் களிமண்ணில் பள்ளம் வைத்து, அந்தப் பள்ளத்தில் வேறு நிறக் களிமண்ணை ஊற்றிச் சுடுவார்கள். நிறம் உள்ளேயும் இறங்கியிருக்கும், அதனால்தான் எத்தனை தலைமுறை செருப்பு தேய்த்தாலும் வடிவம் அழியாது. அப்புறம் வளைந்து ஏறும் மாடிப்படி, அதற்கு நேர் மேலே வண்ணக்கண்ணாடிக் குவிமாடம். வெயில் நேரத்தில் போனால்தான் அது வேலை செய்யும். வெளியே வார்ப்பிரும்புப் பால்கனிகள், மேல்பக்கம் வளைந்த உயரமான ஜன்னல்கள், கூரை விளிம்பின் கீழே வரிசையாகத் தாங்குகட்டைகள். இத்தாலியப் பாணி அமெரிக்கா வந்து பணக்காரர்களிடம் மாட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல மாதிரி.

சாமான்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, சிலர் கோபித்துக்கொள்வார்கள். இந்த வீட்டை 1860-களின் வீடாகப் பார்க்கக்கூடாது. இது 1970-களில் நல்ல கண் உள்ள ஒரு வியாபாரி, தன் வாடிக்கையாளர்கள் எப்படி வாழ ஆசைப்பட வேண்டும் என்று காட்டிய வீடு. பின்னால் இருக்கும் வண்டிக்கொட்டகைதான் அவருடைய பட்டறை, சாமான்களைச் சீர்செய்ததும் விற்றதும் அங்கே. முன்வீட்டில் விருந்து, பின்வீட்டில் விற்பனை. அவருடைய கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைப்பு வந்ததா வரவில்லையா என்பதை வைத்துத்தான் அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் மதிப்பை அளந்தார்களாம். மேல்மாடி நடன அறையில் பைப் ஆர்கன் வைத்திருந்தார். ஃபபெர்ஷே நகைப்பெட்டி, ரஸ்புடின் கொலையில் பயன்பட்டது என்று சொல்லி விருந்தாளிகளிடம் காட்டிய கத்தி, இப்படியெல்லாம். ரஸ்புடின் செத்தது துப்பாக்கிக் குண்டில், ஆனால் கதை இல்லாத பொருளுக்கு விலை ஏறாது என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும்.

மாமியாருக்கு மரச்சாமான் பிடிக்கும் என்றதால் சொல்கிறேன், தொட விடமாட்டார்கள், ஆனால் கண்ணாலேயே நிறையப் பார்க்கலாம். வட்ட மேசை இருந்தால் ஒரு பக்கமாக நின்று பாருங்கள். மரம் நரம்புக்குக் குறுக்காகச் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் 200 வருடத்து வட்டமேசை கொஞ்சம் முட்டை வடிவமாகியிருக்கும். கச்சிதமான வட்டம் என்றால் சந்தேகப்படலாம். இழுப்பறை திறந்து வைத்திருந்தால் ஓரத்து டவ்டெயில் இணைப்பை, அதாவது புறா வால் வடிவப் பற்களாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதைப் பாருங்கள், கையால் வெட்டியது ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பின்பலகையில் அரைவட்டமாக ரம்பத் தடம் தெரிந்தால் அது வட்டரம்பம் பரவலான பிறகு, அதாவது 19-ஆம் நூற்றாண்டில் செய்தது, 18 என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பீங்கானில் ஐரோப்பியக் குடும்பச் சின்னம் போட்ட தட்டு இருக்கிறதா பாருங்கள். இங்கிலாந்திலிருந்து சின்னத்தை வரைந்து கப்பலில் அனுப்பினால், சீனாவின் ஜிங்டெஜெனில் செய்த தட்டில் கான்டன் துறைமுகத்தில் வர்ணம் தீட்டி, ஒன்றரை இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும்.

சாட்சிக்கூண்டு:

கணவருக்காக வழக்குப் பக்கம். படத்தில் ஒரே விசாரணையாகச் சுருக்கிவிட்டார்கள், உண்மையில் நான்கு. ஜார்ஜியாவில் ஒரே குற்றத்துக்கு நான்கு முறை விசாரிக்கப்பட்ட முதல் ஆள் வில்லியம்ஸ்தான்.

1981 மே 2 அதிகாலை. படிப்பறையில் வில்லியம்ஸ் சுட்டார், செத்தது அவரிடம் வேலை பார்த்த டேனி ஹான்ஸ்ஃபோர்ட், வயது 21. சுட்டதை வில்லியம்ஸ் மறுக்கவே இல்லை, அவன் முதலில் சுட்டான், நான் தற்காத்துக்கொண்டேன் என்றார். இங்கேதான் தென்றல் அவர்கள் கேட்ட சாமான் விஷயம் வருகிறது: அரசுத் தரப்பு வழக்கின் பெரும்பகுதி அந்த வீட்டு மரச்சாமான்களை வைத்து நடந்தது. விழுந்து கிடந்தவனின் பேன்ட் துணி மேல் ஒரு நாற்காலியின் கால் நின்றிருந்தது. ஆள் விழுந்த பிறகு யாரோ நாற்காலியை நகர்த்தியிருந்தால்தான் அப்படி நிற்கும், காட்சி ஜோடிக்கப்பட்டது என்றார்கள். கூடத்தில் உயரமான தாத்தா கடிகாரம் கவிழ்ந்து கிடந்தது, அதைத் தள்ளியது யார் என்று ஒரு சண்டை. இன்னொரு பக்கம், ஹான்ஸ்ஃபோர்ட் கையில் வெடிமருந்துத் துகள் இல்லை, சுட்டவன் கையில் இல்லாமல் போகுமா என்று. பழம்பொருள் வியாபாரி மேல் நாற்காலியே சாட்சி சொன்ன வழக்கு.

1982-ல் குற்றவாளி, ஆயுள். ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1983-ல் ரத்து செய்தது. காரணம் சுவாரசியமானது. சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு ஹான்ஸ்ஃபோர்ட் அதே வீட்டில் ரகளை செய்து மேல்மாடிப் படுக்கையறைத் தரையில் சுட்டதாக வில்லியம்ஸ் போலீசைக் கூப்பிட்டிருந்தார். அந்தக் குண்டுத் துளை புதியதா பழையதா என்பதில் போலீஸ் அறிக்கை ஒன்று சொன்னது, அதே போலீஸ்காரர் கூண்டில் வேறு மாதிரி சொன்னார், அறிக்கையின் அந்தப் பகுதியை எதிர்த்தரப்புக்குக் கொடுக்காமல் மறைத்திருந்தார்கள். ஆக ஒரு தரைப்பலகை ஓட்டையில் முதல் தீர்ப்பு விழுந்தது. 1983 இறுதியில் மறுபடி குற்றவாளி, 1985-ல் அதுவும் ரத்து. இடைப்பட்ட கிட்டத்தட்ட இரண்டு வருடம் சிறையிலிருந்து தொலைபேசியிலேயே பழம்பொருள் வியாபாரத்தை நடத்தினார் மனிதர். 1987-ல் மூன்றாவது விசாரணை, ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. 1989-ல் ஊரை மாற்றி அகஸ்டாவில் வைத்தார்கள், விடுதலை. எட்டு மாதம்தான், 1990 ஜனவரி 14 அன்று இறந்தார், வயது 59.

புத்தகம் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படத்துக்கு மூலமான, ஜான் பெரெண்ட் 1994-ல் எழுதிய 'மிட்நைட் இன் தி கார்டன் ஆஃப் குட் அண்ட் ஈவில்' அருமையான புத்தகம், ஆனால் கதைசொல்லி துப்பாக்கிச் சூட்டுக்கு முன்பே ஊரில் இருந்து எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி எழுதியிருப்பார். நிஜத்தில் அவர் அங்கே தங்க வந்தது அதற்கப்புறம். கால வரிசையை மாற்றியதை அவரே புத்தகத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே "புத்தகத்தில் அப்படி இருக்கிறதே" என்று சுற்றிக்காட்டுபவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பேய்வேட்டை_குமார்:

ராத்திரி அந்த வீட்டில் பார்ட்டி சத்தம் கேட்குமாமே? 1969-ல் ஒரு பையன் கூரையிலிருந்து விழுந்து கம்பிவேலியில் குத்தி இறந்தான் என்று பேய்ச் சுற்றுலா வண்டியில் சொன்னார்கள். அதை யாரும் எழுதவில்லையே.

கடல்நாரை:

குமார், பையன் விழுந்து இறந்தது நடந்த விஷயம், வீடு பூட்டிக் கிடந்த காலத்தில். புறா பிடிக்க ஏறியதாகச் சொல்வார்கள். ஒரு குழந்தையின் சாவை வண்டியில் வைத்துச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை, அதனால் எழுதவில்லை. பார்ட்டி சத்தத்துக்கு, பக்கத்தில் மதுக்கடைகள் இருக்கிற ஊர் அது, கையில் கோப்பையோடு தெருவில் நடக்கச் சட்டமே அனுமதிக்கிறது.

பேய்தான் வேண்டும் என்றால் வில்லியம்ஸ் அதற்கு முன் சீர்படுத்திய ஹாம்ப்டன் லில்லிபிரிட்ஜ் வீட்டைப் பாருங்கள். 1963-ல் அதை இடம் மாற்றும்போது ஒரு தொழிலாளி இறந்தார், அப்புறம் வேலையாட்கள் பயப்படுகிறார்கள் என்று அதே வருட டிசம்பரில் எபிஸ்கோப்பல் பிஷப்பையே அழைத்து வந்து பேயோட்டினார் வில்லியம்ஸ். அது தனியார் வீடு, வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம்_வாசல்:

எல்லாரும் ஓடு, நாற்காலி, கடிகாரம் என்று போகிறீர்கள். 1860-ல் சவானாவில் இப்படி ஒரு வீடு கட்டப் பணமும் கைகளும் எங்கிருந்து வந்தன என்று ஒருவராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

1859 மார்ச்சில், அதாவது இந்த வீட்டுக்கு அடித்தளம் போடுவதற்கு ஒரு வருடம் முன்பு, சவானாவுக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடலில் 436 மனிதர்களை ஏலத்துக்கு வைத்தார்கள். பியர்ஸ் பட்லர் என்ற முதலாளியின் கடனை அடைக்க. இரண்டு நாளும் மழை கொட்டியதால் 'அழுகைக் காலம்' என்று அவர்கள் வழிவந்தவர்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் துறைமுகம், வங்கி, பருத்தி எல்லாம் அந்தப் பணத்தில் ஓடியவை. ஹியூ மெர்சர் ஒரு வங்கியில் காசாளராக இருந்தவர், போர் வந்ததும் சவானாவைச் சுற்றி அரண் கட்ட அடிமைகளைக் கட்டாயமாகப் பிடித்து வேலை வாங்கியவர். மெர்சர் வீட்டில் இதெல்லாம் பெரிதாக வராது, அங்கே முழுக்க வில்லியம்ஸ் கதைதான்.

வில்லியம்ஸின் நல்ல ரசனையைப் பற்றியும் ஒன்று. சதுக்கத்தில் ஏதோ படப்பிடிப்பு நடந்தபோது அதைக் கெடுப்பதற்காக ஜன்னலில் நாஜிக் கொடியைத் தொங்கவிட்டார் அவர். சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் மிக்வே இஸ்ரேல் யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. அந்த யூத சமூகம் 1733-ல், ஊர் தொடங்கிய அதே வருடம் வந்து இறங்கியது. வீட்டைக் காப்பாற்றியவர் என்று மட்டும் சொல்லி முடிக்கக்கூடாது.

நல்ல வீடு எது என்று கேட்டீர்கள் அல்லவா, ஓவன்ஸ்-தாமஸ் வீடு. வில்லியம் ஜே வரைந்து 1816 முதல் 1819 வரை கட்டியது. 1825-ல், அமெரிக்க விடுதலைப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட் வந்து தங்கிய வீடு. சாமானும் இருக்கிறது, பின்பக்கம் அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பும் இருக்கிறது. 2018-ல் வீட்டின் பெயரிலேயே அதைச் சேர்த்தார்கள். குடியிருப்பின் கூரையில் அவர்கள் பூசிய பழைய நீல வண்ணம் இன்னும் தெரியும், தீய ஆவிகள் அண்டாமல் இருக்கப் பூசுவது. குமாருக்கும் அதுவே போதும்.

இழைப்புளி:

மூன்றாம்_வாசல் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஓவன்ஸ்-தாமஸ் கட்டாயம் பார்க்க வேண்டியது, ஒரே ஒரு வீடு என்றால் அதுதான். நாஜிக் கொடிக்கு யாரும் சால்ஜாப்பு சொல்ல முடியாது. ஆனால் மெர்சர் வீட்டை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். பொது அருங்காட்சியகங்களில் காலத்துக்கு ஏற்ற சாமானைக் குழு கூடித் தேடி வைப்பார்கள், ஒழுங்காக இருக்கும், யாருடைய கையும் தெரியாது. இங்கே ஒரு ஆளின் ஆசை, பகட்டு, கண் மூன்றும் அப்படியே தெரிகிறது. அந்த ஆள் நல்லவரா என்பது வேறு விஷயம்.

சாட்சிக்கூண்டு:

இன்னொன்று, புத்தக அட்டையில் இருக்கும் பறவைப் பெண் சிலையைத் தேடி போனவென்ச்சர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஏமாறாதீர்கள். கூட்டம் தாங்காமல் 1997-லேயே எடுத்துவிட்டார்கள், இப்போது டெல்ஃபேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவன்ஸ்-தாமஸ் வீட்டை நடத்துவதும் அதே டெல்ஃபேர்தான், டிக்கெட் வாங்கும்போது சேர்த்துக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஜானி மெர்சர் கல்லறை மட்டும் போனவென்ச்சரில்தான்.

தென்றல்_அட்லாண்டா:

எல்லாருக்கும் நன்றி. மாமியாரிடம் வட்டமேசை முட்டையாகும் கதையைச் சொன்னேன், அவர் இப்போதே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை நூல் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். அது கடையில் அட்டைப்பெட்டியில் வாங்கி நானே திருகு முடுக்கியது என்று சொன்னாலும் கேட்பதாக இல்லை. சனிக்கிழமை காலை ஓவன்ஸ்-தாமஸ், மதியம் வெயில் இருக்கும்போது மெர்சர் வீடு என்று முடிவு செய்திருக்கிறோம். மெர்சர் வீட்டு டிக்கெட் எங்கே வாங்க வேண்டும், முன்வாசலிலா?

கடல்நாரை:

முன்வாசலில் இல்லை. பின்பக்கம் விட்டேக்கர் தெருவில் வண்டிக்கொட்டகை இருக்கிறது, வில்லியம்ஸின் பழைய பட்டறை, இப்போது கடை. டிக்கெட் அங்கே, சுற்றிக்காட்டலும் அங்கிருந்துதான் தொடங்கும். நேரம் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.